வால்டேர் சொல்லாத வாக்கியமும் அவர் எடுத்து நடத்திய வழக்கும்

ஏட்டுச்சுவடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் கருத்துரிமை என்னும் தலைப்பில் நடந்த பேச்சுப்போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். பேசிய பதினொருவரில் நால்வர், "நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமையைக் காக்க என் உயிரையும் கொடுப்பேன்" என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் முழங்கியதாகக் கூறித்தான் உரையைத் தொடங்கினார்கள். நான்காமவர் வாயைத் திறந்ததுமே அரங்கில் பாதிப் பேர் அதைச் சேர்ந்து சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லி வருகிறவள் நான்.

போட்டி முடிந்த பிறகு ஒரு மாணவி வந்து, "அம்மா, இதை அவர் எந்த நூலில் எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுத் தேடியதில், அவருடைய எழுத்து எதிலும் இந்த வாக்கியம் இல்லை என்பது தெரியவந்தது. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "அவர் சொல்லவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. சமயப் பொறைக்கும் பேச்சுரிமைக்கும் அந்த மனிதர் உண்மையில் செய்தது என்ன, அவருடைய எழுத்தால் ஒரு சட்டமாவது மாறியதா, அல்லது நாம் ஓர் அழகான வாக்கியத்தின்மேல் கட்டிய கோபுரமா இது என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

முன்னாள் வக்கீல்:

அம்மாவுக்கு வணக்கம். முதலில் அந்த வாக்கியத்தின் கணக்கை முடித்துவிடுகிறேன். 1906இல் எவலின் பியாட்ரிஸ் ஹால் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஓர் ஆணின் பெயர்போல ஒலிக்கும் புனைபெயரில், வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நண்பர்களுள் ஒருவரான ஹெல்வேஷியஸின் நூலைப் பாரிஸில் எரித்தபோது வால்டேர் கொண்டிருந்த நிலையை விளக்குவதற்காக அவர் தம் சொந்தச் சொற்களில் அமைத்த வரி அது. அதை மேற்கோள் குறிக்குள் இட்டதால் வந்த வினை இது. வால்டேரின் சொற்களாக அதைத் தாம் காட்ட நினைக்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் விளக்கம் தந்தார். அதற்குள் வாக்கியம் உலகம் சுற்றிவிட்டது.

என்ன செய்தார் என்னும் கேள்விக்கு ஒரு வழக்கைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகள் கறுப்பு அங்கி போட்டவன் என்பதால் வழக்கைத்தான் எனக்கு விளக்கமாகச் சொல்ல வரும்; நீண்டால் பொறுத்தருள்க.

1761 அக்டோபர் 13ஆம் நாள் இரவு, பிரான்சின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரில், ழான் கலாஸ் என்னும் துணி வணிகர் வீட்டில் விருந்து. கீழே கடை, மேலே குடியிருப்பு. கலாஸ் அறுபதைக் கடந்தவர், கத்தோலிக்க நாடான பிரான்சில் சிறுபான்மையினரான புராட்டஸ்டண்ட். மனைவி, மூத்த மகன் மார்க் அந்துவான், அடுத்த மகன்களில் ஒருவரான பியேர், விருந்தாளியாக வந்த லவேஸ் என்னும் இளைஞர் ஆகியோர் உணவு உண்டார்கள். வீட்டில் நெடுநாள் பணிபுரிந்த பெண் மட்டும் கத்தோலிக்கர். உண்டு முடித்ததும் மூத்த மகன் எழுந்து கீழே போனார். சற்று நேரம் கழித்து, விடைபெற்ற விருந்தாளியை வழியனுப்பப் பியேர் விளக்கேந்தி இறங்கியபோது, கடைக்கும் சரக்கறைக்கும் இடையிலிருந்த இரட்டைக் கதவுகளின்மேல் குறுக்கே வைத்த ஓர் உருட்டுக்கட்டையிலிருந்து மார்க் அந்துவான் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மேலங்கி மடித்துக் கடைமேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. தலைமுடி கலையவில்லை, சட்டை கசங்கவில்லை.

அவர் சட்டம் பயின்றவர். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளக் கத்தோலிக்கர் என்ற சான்றிதழ் தேவைப்பட்டது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1598இல் புராட்டஸ்டண்டுகளுக்கு உரிமை வழங்கிய நான்ட் ஆணையைப் பதினான்காம் லூயி 1685இல் நீக்கிய பிறகு, அவர்களுடைய திருமணம் சட்டப்படி திருமணமாகவும், பிள்ளைகள் சட்டப்படி வாரிசுகளாகவும் கருதப்படவில்லை. 28 வயதில், படித்த படிப்பு பயன்படாமல், தந்தையின் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவரின் மனநிலையை நாம் ஊகிக்கலாம்.

குடும்பத்தார் முதலில் ஒரு பொய் சொன்னார்கள். யாரோ கொன்றுவிட்டதாகச் சொன்னார்கள். தற்கொலை செய்துகொண்டவரின் உடலைக் குப்புறக் கிடத்தித் தெருவெல்லாம் இழுத்துச் செல்வது அக்காலச் சட்டம். மகனுடைய உடலை அந்த இழிவிலிருந்து காக்க எண்ணினார்கள். அந்தப் பொய்தான் அவர்கள் கழுத்தில் சுருக்காக விழுந்தது. வாசலில் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குரல், மகன் மதம் மாறவிருந்ததால் தந்தையே கொன்றுவிட்டார் என்றது. நகர நீதி அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு அன்றிரவே எல்லோரையும் சிறையிலடைத்தார். இறந்தவரைக் கத்தோலிக்கத் தியாகியாக்கிப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு நடந்த வழிபாட்டில் ஓர் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு அதன் கையில் தியாகியின் அடையாளமான குருத்தோலையும் கொடுத்தார்கள். 1562இல் புராட்டஸ்டண்டுகளைக் கொன்று துரத்தியதை ஆண்டுதோறும் ஊர்வலம் வைத்துக் கொண்டாடிய நகரம் அது. வரவிருந்தது அதன் இருநூறாம் ஆண்டு.

துலூஸ் உயர்நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் அமர்ந்தார்கள். முதல் வாக்கெடுப்பில் மரணதண்டனைக்கு ஏழு பேர். இரண்டு வாக்கு மிகுதி இருந்தாலொழிய மரணதண்டனை செல்லாது என்பதால், ஒருவர் மனம் மாறி எட்டாக்கினார். 1762 மார்ச் 10 அன்று, உடந்தையாளர் பெயரைக் கேட்டுச் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்து, கடைசியில் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். கலாஸ் யார் பெயரையும் சொல்லவில்லை. தாம் குற்றமற்றவர் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இறந்தார்.

ஜெனீவாவுக்கு அருகில் ஃபெர்னேயில் வாழ்ந்த வால்டேருக்கு அந்த மாத இறுதியில் செய்தி எட்டியது. அவர் முதலில் செய்தது கேலி. மதவெறியில் புராட்டஸ்டண்டுகள் நம்மையும் மிஞ்சிவிட்டார்கள் என்ற தோரணையில் ஒரு கடிதத்தில் எழுதினார். பிறகுதான் ஐயம் எழுந்தது. ஜெனீவாவில் இருந்த கலாஸின் கடைசி மகனை அழைத்துப் பேசினார், தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி விவரம் திரட்டினார், சில வாரங்களில் முடிவுக்கு வந்தார். கால் தளர்ந்த முதியவர் ஒருவர் தனியாளாக, 28 வயது இளைஞனைப் போராட்டத்தின் சுவடே இல்லாமல் எப்படித் தூக்கிலிட முடியும்? முடியாது என்றால் மற்றவர்களும் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் கத்தோலிக்கப் பணிப்பெண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். அவரோ இன்னொரு மகன் கத்தோலிக்கத்துக்கு மாறத் துணைநின்றவர். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் ஒருவரை மட்டும் கொன்றுவிட்டு மற்றவர்களை விட்டது எந்த நியாயம்? குறுக்கு விசாரணை என்றால் இது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் புதுமை என்பேன். அக்காலப் பிரெஞ்சுக் குற்றவியல் விசாரணை முழுவதும் மூடிய கதவுக்குள் நடந்தது. தீர்ப்புக்கு நீதிபதிகள் காரணம் எழுத வேண்டியதில்லை. வதந்திகளைக் கால் சான்று, அரைக்கால் சான்று என்று எண்ணிக் கூட்டி முழுச் சான்றாக்கினார்கள்; எட்டு வதந்தி சேர்ந்தால் ஓர் உண்மையாகிவிடுமா என்று அவர் பின்னர் எள்ளினார். அவர் அந்தக் கதவைத் தட்டித் திறந்தார். கலாஸின் மனைவியைப் பாரிஸுக்கு அனுப்பினார். பாரிஸின் பெரிய வழக்கறிஞர்களைக் கொண்டு மனுக்களை எழுதி அச்சிடச் செய்தார். அமைச்சர்களுக்கும் பிரபுக்களுக்கும் அயல்நாட்டு அரசர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் அனுப்பினார். சகிப்புத்தன்மை பற்றிய அவருடைய நூல் 1763இல் ஜெனீவாவில் அச்சானது. வழக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று முதலில் அதிகாரத்தில் இருந்த சிலருக்கு மட்டுமே கொடுத்து வைத்திருந்தார். 1764 ஜூனில் அரசவை தீர்ப்பை ரத்து செய்தது. 1765 மார்ச் 9 அன்று, மரணதண்டனை விதித்த அதே நாளில், மூன்று ஆண்டுகள் கழித்து, கலாஸ் குற்றமற்றவர் என்று நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்தார்கள். அரசர் குடும்பத்துக்கு 36,000 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) அளித்தார்.

ஆகவே பேச்சுரிமையையும் சமயப் பொறையையும் இரண்டு தனிச் சாதனைகளாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வழக்கில் முன்னது கருவி, பின்னது பயன். நீதிமன்றம் எதை மறைத்ததோ அதை அச்சில் ஏற்றியதுதான் அவர் செய்தது.

சந்தைக்கடை:

வக்கீல் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. வணிகனாக ஒரு சிறு குறிப்பு மட்டும். வால்டேரின் பொறைக் கொள்கை வழக்கு மன்றத்தில் முளைக்கவில்லை, கடைவீதியில் முளைத்தது. ஒரு பிரபுவோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு, அதன்பின் பாஸ்டில் சிறையும் கண்டு, 1726இல் இங்கிலாந்துக்குப் போனவர் அங்கே லண்டன் வணிக மாளிகையைப் பார்த்தார். யூதரும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே சமயத்தார்போல அங்கே பேரம் பேசுகிறார்கள், கடனைக் கட்டாமல் திவாலாகிறவனைத்தான் அவர்கள் சமயத் துரோகி என்று அழைக்கிறார்கள் என்று இங்கிலாந்தைப் பற்றிய தம் நூலில் எழுதினார். ஒரே சமயம் இருந்தால் கொடுங்கோன்மை, இரண்டு இருந்தால் கழுத்தறுப்பு, முப்பது இருப்பதால் அமைதி என்பதும் அந்நூலில்தான் வருகிறது. 1734இல் அதைப் பாரிஸ் நீதிமன்றம் எரிக்க உத்தரவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பகுதி மட்டும் உரை இல்லாமலே விளங்கும்.

எதிர்வாதி:

எல்லோரும் பாராட்டுவதால் மறுபக்கத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது. கலாஸ் வழக்கில் வால்டேரின் தொண்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது எவ்வளவு சிறியது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். சகிப்புத்தன்மை பற்றிய அந்த நூலின் ஐந்தாம் இயலில் புராட்டஸ்டண்டுகளுக்காக அவர் வைக்கும் கோரிக்கை, திருமணம் செல்லுபடியாக வேண்டும், பிள்ளைகளுக்கு வாரிசுரிமை வேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதோடு முடிகிறது. பொது வழிபாட்டிடம் வேண்டாம், நகராட்சிப் பதவி வேண்டாம் என்று அவரே எழுதிக்கொடுத்துவிடுகிறார். 1787இல் பதினாறாம் லூயி வெளியிட்ட ஆணை ஏறத்தாழ இந்த அளவைத்தான் வழங்கியது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அம்மா கேட்ட "சட்டமாவது மாறியதா" என்பதற்கு இது விடை. ஆனால் 24 ஆண்டுகள் சென்றன. மால்செர்ப் போன்ற அமைச்சர்களும் புராட்டஸ்டண்ட் போதகர்களும் உழைக்க வேண்டியிருந்தது.

அந்தப் போதகர்களுள் ஒருவரான ரபோ சாந்த் எத்தியேன், 1789 ஆகஸ்டில், புரட்சிக்காலத் தேசிய மன்றத்தில் எழுந்து, நான் கேட்பது சகிப்புத்தன்மையை அன்று, சுதந்திரத்தை என்றார். சகிப்பு என்ற சொல்லே, குற்றம் செய்தவனைப் பெருந்தன்மையோடு விட்டுவிடுவதுபோல இருக்கிறது என்பது அவருடைய வாதம். தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குறளில் பொறுப்பது அகழப்படும் நிலம். துன்பம் பட்டவன்தான் பொறுக்கிறான். ஐரோப்பாவின் சகிப்பில் அகழ்கிறவன் நிலத்தைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிக்கொள்கிறான். வால்டேரின் அந்தச் சகிப்பு நூலைத் தமிழில் குறிப்பிடும்போது எந்தச் சொல்லை எடுப்பது என்று அம்மாவைப் போன்ற தமிழாசிரியர்கள் யோசிக்கலாம்.

அடுத்தது பேச்சுரிமை. உயிரையும் கொடுப்பேன் என்றவராகச் சொல்லப்படுபவர், தம் காலத்துச் சிந்தனையாளர் ரூசோவின் விஷயத்தில் நடந்துகொண்டதைப் பாருங்கள். 1764 இறுதியில் பெயரிடாமல் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டு, ரூசோ தம் பிள்ளைகளை அநாதை இல்லத்தில் விட்ட செய்தியை ஊரறியச் செய்தார். அதன் முடிவில், இழிந்த கலகக்காரனுக்கு மரணதண்டனையே உரியது என்ற பொருள்பட எழுதினார். ஜெனீவாவின் ஒரு போதகர் எழுதியதுபோல நடையை அமைத்திருந்ததால், ரூசோவும் வேறொருவரையே சந்தேகித்தார். தம்மைத் திறனாய்ந்த பத்திரிகையாளர்களை அடக்க அதிகாரிகளிடம் வால்டேர் முறையிட்டதும் உண்டு. யூதர்களைப் பற்றி எழுதிய பக்கங்களை இன்று படித்தால் முகம் சுளிக்கும். முற்காலப் பெரியவர்களை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்பார்கள். நான் அளப்பது அவருடைய சொந்த அளவுகோலால்தான். துருக்கியனும் சீனனும் யூதனும் என் உடன்பிறப்பே என்று எழுதியவர் அவரே.

ஏட்டுச்சுவடி:

மூவருக்கும் நன்றி. எதிர்வாதி அவர்கள் காட்டிய குறளை எடுத்துக்கொள்கிறேன், வகுப்பில் பயன்படும். ஒரு துணைக்கேள்வி. ஹெல்வேஷியஸ் விஷயம் நண்பருக்கானது, கலாஸ் விஷயம் சமயத்துக்கானது. வெறும் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்காக அவர் நின்றதுண்டா?

முன்னாள் வக்கீல்:

உண்டு, ஆனால் அதில் தோற்றார். 1765இல் வடபிரான்சின் அப்வில் நகரில் பாலத்தின்மேலிருந்த சிலுவை உருவத்தை யாரோ வெட்டிச் சேதப்படுத்தினார்கள். செய்தவர் அகப்படவில்லை. விசாரணை வலை விரிந்து, சமய ஊர்வலம் கடந்தபோது தொப்பியைக் கழற்றாத, கேலிப்பாட்டுப் பாடிய சில இளைஞர்களின்மேல் விழுந்தது. அவர்களுள் லா பார் என்பவரின் அறையில் தடைசெய்யப்பட்ட நூல்கள் சில கிடைத்தன. வால்டேரின் தத்துவ அகராதியும் அவற்றுள் ஒன்று. 1766 ஜூலை 1 அன்று அந்த இளைஞரின் தலையை வெட்டி, உடலை எரித்த நெருப்பிலேயே அந்த நூலையும் போட்டார்கள். அவருக்கு வயது இருபது.

வால்டேருக்கு எழுபதைக் கடந்த வயது. தம் நூலும் எரிந்ததைக் கேட்டு அஞ்சினார். சில நாள் சுவிட்சர்லாந்துக்குள் தள்ளியிருந்தார். தத்துவ நண்பர்கள் எல்லோரும் பிரஷ்ய அரசரின் ஆட்சிக்குட்பட்ட கிளேவ் நகரில் குடியேறிவிடலாம் என்று திட்டம் தீட்டினார், யாரும் வரவில்லை. உயிரைக் கொடுப்பேன் என்பவர் இப்படிச் செய்வாரா என்று எதிர்வாதி கேட்பார். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. அஞ்சிக்கொண்டே எழுதினார், தம் நூல்களைத் தம்முடையவை அல்ல என்று மறுத்துக்கொண்டே எழுதினார், தப்பியோடிய இன்னோர் இளைஞருக்குப் பிரஷ்யப் படையில் வேலை தேடிக்கொடுத்தார். லா பார் மீதான தீர்ப்பை 1793இல்தான் புரட்சி அரசு மாற்றியது. சமயம் குறித்த கருத்துக்காகவும் யாரையும் தொந்தரவு செய்யலாகாது என்னும் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் பத்தாம் பிரிவையும், பேச்சும் எழுத்தும் அச்சும் மனிதனின் அருமையான உரிமை என்னும் பதினொன்றாம் பிரிவையும் படிக்கும்போது எனக்கு அப்வில்தான் நினைவுக்கு வருகிறது.

உப்புக்காற்று:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1761 ஜனவரியில், மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு, பட்டினியால் வாடிய புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிரெஞ்சுத் தளபதி லாலியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முன்கோபி, இங்கிருந்த எல்லோருக்கும் பகை. பாரிஸில் அவர்மேல் துரோகக் குற்றம் சுமத்தி, 1766 மே 9 அன்று தலையை வெட்டினார்கள். வழியில் மக்களிடம் பேசிவிடக் கூடாது என்று வாயில் கட்டை திணித்து வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்.

இதில் சமயம் இல்லை. ஆனால் காரணம் எழுதாத தீர்ப்பு என்ற வகையில் கலாஸ் வழக்கின் உடன்பிறப்பு. வால்டேர் 1773இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் லாலிக்காக வாதாடினார்; அவருடைய மகனுக்குப் பல ஆண்டுகள் துணைநின்றார். (அதே வால்டேர், எங்கள் பக்கத்துப் பாதிரிமார் கைவண்ணம் என்று கருதப்படும் எசூர் வேதம் என்னும் போலிச் சுவடியை உண்மையான வேத உரை என்று நம்பி, 1761இல் அரசர் நூலகத்தில் சேர்த்தார் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. கிறித்தவத்துக்கு முன்பே கீழைநாட்டில் ஒரே கடவுள் கொள்கை இருந்ததென்று நிறுவ ஒரு சான்று கிடைத்த மகிழ்ச்சியில் மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.)

1778 மே மாதம் அவர் பாரிஸில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, லாலி மீதான தீர்ப்பை அரசவை ரத்து செய்த செய்தி வந்தது. மே 26 அன்று மகன் லாலிக்குச் சில வரிகள் சொல்லி எழுதச் செய்தார். அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி, கண்ணில் படும்படி கட்டில் திரைச்சீலையில் குத்தி வைக்கச் சொன்னார். 30ஆம் நாள் இறந்தார். பாரிஸ் திருச்சபை அடக்கம் செய்ய மறுத்துவிட்டது. உறவினர்கள் உடலுக்கு உடை உடுத்தி, உயிரோடு பயணம் செய்பவர்போல வண்டியில் உட்காரவைத்து, இரவோடிரவாக ஷாம்பேனில் இருந்த ஒரு மடத்துக்குக் கொண்டுபோய், தடையாணை வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.